வெறுஞ்சீட்டு

அவர் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். பள்ளிக்குப் பால் ஊற்றுகிறவரை நாங்கள் எல்லோரும் பெயர் சொல்லித்தான் பேசுவோம். அவர் மட்டும், "அவசரமா ஊத்திட்டு நிதானமாக் கணக்குச் சொல்வாரே, அவர் வந்துட்டாரா?" என்பார். தபால்காரர் அவருக்கு, "நல்ல சேதின்னா தூரத்துலேயே சத்தமாக் கூப்பிடுறவர்." எங்கள் பழைய தலைமையாசிரியர், "கோவமா வந்து சமாதானமாத் திரும்பிப் போறவர்." கேட்கிறவருக்கு ஒரு கணம் பிடிபடாது. பிறகு அந்த ஆள் கண்முன் வந்து நிற்பார். பெயரைச் சொல்லியிருந்தால் அவ்வளவு தெளிவாக வந்திருக்க மாட்டார்.

அதனால் நானும் அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் வழியிலேயே அவரைச் சொல்லிப் பார்க்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு சிறிய பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த, எனக்கு மூத்த ஆசிரியை. நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் வேலையை இழந்தவர். இந்த இரண்டு வாக்கியங்களிலும் வினையடை இல்லை. எந்த வினையடையைப் போடுவது என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'அட்வெர்ப் டீச்சர்'. ஆங்கிலத்தில் 'ஹூ' என்று தொடங்கி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும் துணைவாக்கியம் இருக்கிறதே, அதற்குள் ஒரு வினையடை இல்லாமல் யாரும் அவரிடம் நோட்டை நீட்ட முடியாது. "'ஹூ'ன்னு சொன்னதும் கதவு தொறக்குது. ஆள் உள்ள வர்றார். எப்படி வர்றார்னு நீங்க சொல்லல. பாவம், குளிர்ல வாசல்லயே நிக்கிறார் பாருங்க" என்பார். கார்த்திகைக் குளிரில் கம்பளிச் சட்டைக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது உடனே புரியும்.

அவருடைய வகுப்பு கடைவீதிக்குப் போகும் சாலையைப் பார்த்தது. பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஜன்னலைத் திறப்பார். யார் போகிறார்களோ அவர்களைப் பற்றி எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை பூண்டிப் பக்கமிருந்து பூண்டு மூட்டை ஏற்றிய மட்டக்குதிரையோடு ஒருவர் போனார். ஒரு மாணவன் எழுந்து, "தி மேன் ஹூ இஸ் ஸ்லோலி வாக்கிங்" என்று தொடங்கினான்.

"மெதுவாவா? நல்லாப் பாருங்க."

"மெதுவாத்தான் டீச்சர் போறாரு."

"குதிரைக்கு முன்னங்கால் நொண்டுது. அதுக்காக அவர் நடையைக் கொறைச்சுக்கிட்டாரு. இப்பச் சொல்லுங்க."

"அப்பக் 'கைண்ட்லி' டீச்சர்."

பின் பெஞ்சிலிருந்து இன்னொருவன் எழுந்தான். "இல்ல டீச்சர். நான் வர்றப்பப் பாத்தேன். மேட்டுல நின்னு அதைச் சாட்டையால வெளுத்துக்கிட்டிருந்தாரு."

டீச்சர் யோசித்தார். "அப்பக் கைண்ட்லி போகாது. ஸ்லோலியே இருக்கட்டும்" என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நான் நடத்திக்கொண்டிருந்தேன். மதுரையில் பி.ஏ., பி.டி. முடித்து வந்தவன். வினையடை வினைக்கு முன்னால் வரவேண்டுமா, பின்னால் வரவேண்டுமா, துணைவினை இருந்தால் எங்கே என்று பலகை முழுவதும் கட்டம் போட்டு விளக்குவேன். ஆசிரியர் அறையில் அவரிடம் குறை சொன்னேன். "'வாக்கிங் ஸ்லோலி'ன்னு கடைசியில வைக்கிறதுதான் டீச்சர் இயல்பு."

"வச்சுக்கங்க சார். ஆள் மாறலையே."

எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான். நான் சொல்லின் இடத்தைப் பார்த்தேன். அவர் சொல் உண்மையா என்று பார்த்தார்.

அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். கல்யாணமான மறு வருடமே கணவர் இறந்துவிட, பிறந்த வீட்டோடு சண்டை போட்டுப் படித்து, பட்டமும் பயிற்சியும் முடித்து மலைக்கு வந்தவர். பள்ளி வளாகத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். மழை பெய்தால் உள்ளே பேசுவது காதில் விழாது. அந்த அறையின் சாவியை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். ஒரு தடவை நான் கேலியாக, "உள்ள அப்படி என்ன டீச்சர் பொதையல் கெடக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கெடையாது சார். பூட்டுறதுக்கு ஒரு கதவு கெடக்கு. அண்ணன் வீட்டுல எனக்குச் சேலை மாட்ட ஒரு ஆணி கூடக் கெடையாது" என்றார்.

அவருக்கு வேலை என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

அந்தக் காலத்துக் கொடைக்கானலில் பங்களா வேலைக்குச் சீட்டு வேண்டும். சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர் எல்லோரும் பழைய எஜமானர்கள் கொடுத்த நற்சான்றுச் சீட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பங்களாக்களை விற்றுவிட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. போகிறவர்கள் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போவது அந்தச் சீட்டு.

சவரிமுத்து என்ற சமையல்காரர் ஒரு நாள் பள்ளி வராந்தாவுக்கு வந்தார். ஐந்தாறு மாதமாக வேலையில்லை. போகிற பங்களாவிலெல்லாம் சீட்டை வாங்கிப் படித்து, சிரித்து, "அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்கிறார்களாம். அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். டீச்சர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நல்ல கெட்டித் தாள், அழகான கையெழுத்து. 'சவரிமுத்து என்பவர் எங்களிடம் வேலை செய்த சமையல்காரர்.' அவ்வளவுதான்.

"சரியாத்தானே டீச்சர் இருக்கு?" என்றேன்.

"சரியா இருக்கு. அதான் இவர் சோலி முடிஞ்சிருச்சு" என்றார். பிறகு சவரிமுத்துவைப் பார்த்து, "இதுக்கு முந்தின எடத்துச் சீட்டையும் காட்டுங்க" என்றார்.

பழைய சீட்டுகள் எல்லாவற்றிலும் 'நேர்மையாக வேலை செய்த', 'சுத்தமாகச் சமைத்த' என்று ஏதாவது ஒன்று இருந்தது. இதில் மட்டும் இல்லை. டீச்சர் பொறுமையாக விளக்கினார். அந்த வீட்டம்மாக்கள் யாரையும் கெட்டவன் என்று எழுத மாட்டார்கள். அது நாகரிகமில்லை. நல்ல சொல் ஒன்றை விட்டுவிடுவார்கள். வாங்கிப் படிக்கிற அடுத்த வீட்டம்மாவுக்கு அது போதும். வேலை செய்தான் என்றிருக்கும், எப்படிச் செய்தான் என்றிருக்காது. வேண்டாம் என்று அர்த்தம். "ஆயாமார் இதை வெறுஞ்சீட்டும்பாங்க" என்றார்.

சவரிமுத்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "துரைசாணி கையெழுத்துப் போடுறப்பச் சிரிச்ச மொகமாத்தான டீச்சரம்மா போட்டுச்சு? அப்ப நான் வெள்ளனே எந்திரிச்சு ஏரியச் சுத்தி வீடு வீடாக் காட்டுனதெல்லாம்?"

"உங்களைச் சேக்காதீங்கன்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

அவர் திடீரென்று சிரித்தார். "ஊருக்குப் போன பொறவும் எங்கிட்ட வேல வாங்கிருக்கே அந்தம்மா! ஒரு நா எதுத்துப் பேசிட்டேன். அதுக்கு இம்புட்டா?"

டீச்சர் அவருக்கு வேறு சீட்டு எழுதித் தந்தார். ஆனால் உடனே தரவில்லை. "நான் பாக்காம எப்படி எழுத?" என்று பள்ளி ஆண்டு விழாச் சமையலுக்கு அவரைக் கூப்பிட்டு, அன்று முழுவதும் அடுக்களை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதியது இது: 'எவ்வளவு நெருக்கடியிலும் சுத்தமாகச் சமைக்கிறவர், எப்போதாவது உப்பைத் தாராளமாகப் போட்டுவிடுகிறவர்.'

படித்துச் சொன்னதும் சவரிமுத்து பதறினார். "ஐயையோ, உப்பு விசயத்த விட்டுருங்க டீச்சரம்மா!"

"அதை எடுத்தா முன்னாடி உள்ளதை யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு பங்களா அம்மாள் உப்பைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். அதற்குப் பிறகு டீச்சரின் சீட்டு என்றால் பங்களாக்களில் தனி மதிப்பு. ஆயாமார் வந்து கெஞ்சுவார்கள், "'ரொம்ப நேர்மையா'ன்னு ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்று. தான் பார்க்காததை அவர் யாருக்கும் எழுதியதில்லை. யாரையும் ஒரு நல்ல சொல் இல்லாமல் அனுப்பியதுமில்லை. தேடிக் கண்டுபிடிப்பார்.

எனக்கும் ஒரு சீட்டு தேவைப்பட்டது. பழனியில் ஒரு பள்ளியில் உதவித் தலைமையாசிரியர் வேலைக்கு மனுப் போட்டேன். மூத்த ஆசிரியர் ஒருவரின் சான்று கேட்டிருந்தார்கள். டீச்சரிடம் கேட்டேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். என் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் அவர் நிற்பதைக் கவனித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. சான்றை வாங்கிப் படித்தேன். என்னைப் பற்றி இருந்த நடு வாக்கியம் இன்றைக்கும் மனப்பாடம்: 'நேரம் தவறாமல் வருகிறவர், ஏற்கெனவே புரிந்துகொண்டவர்களுக்குப் பொறுமையாக விளக்குகிறவர்.'

"இந்த 'ஆல்ரெடி'யை எடுத்துருங்க டீச்சர்" என்றேன்.

"எடுத்தா வேற ஆள் ஆயிருவீங்களே சார்."

"என் பொழப்பு டீச்சர் இது."

"அதான் சார் நானும் பாத்து எழுதினேன். பின் பெஞ்சுப் பக்கம் நீங்க திரும்புறதே இல்ல. நாளைக்கே திரும்புங்க. நாளைக்கே மாத்தி எழுதித் தர்றேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே மறுநாள் வராந்தாவில் வந்து நின்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் வகுப்பையே பார்த்திராத கணக்கு ஆசிரியரிடம் வேறு சான்று வாங்கி அனுப்பினேன். 'மிகச் சிறப்பாக', 'அர்ப்பணிப்போடு', எல்லாம் இருந்தது. வேலை கிடைக்கவில்லை. அதற்கு டீச்சர் எந்த விதத்திலும் காரணமில்லை. ஆனாலும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல் என் வாயில் கசந்தது. பின் பெஞ்சுப் பக்கம் திரும்பலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரை எங்காவது மடக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

அந்த மழைக்காலத்தில் சவரிமுத்துவின் மகள் ரோசாலி, எட்டோ ஒன்பதோ வயது, கொதிக்கிற வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டாள். தாயில்லாத பெண். அப்பா பங்களாவில் இருந்த நேரம். மறுநாள் சவரிமுத்து பள்ளிக்கு வந்து டீச்சரிடம் சொன்னபோது நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழி சறுக்கும் என்று நானும் கூடப் போனேன். பஞ்சுச் சுருளை என் சட்டைக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

நாயுடுபுரத்துக்குக் கீழே சரிவில் ஒற்றை அறை. சவரிமுத்து ஞாயிற்றுக்கிழமையும் பங்களாவுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் தனியாகப் படுத்திருந்தாள். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். காலில் ஒட்டியிருந்த பழைய துணியை நனைத்து நனைத்து எடுக்க வெகு நேரம் ஆயிற்று. பெண்ணின் கவனத்தைத் திருப்ப என்னைக் காட்டி, "ரோசாலி, இந்த சார் எப்படி நிக்கிறாரு, சொல்லு பாப்போம்" என்றார்.

அது வலியோடு என்னைப் பார்த்து, "பயந்து போயி நிக்காரு" என்றது.

"நல்லாப் பாத்தே!" என்றார் டீச்சர்.

புண் ஆறும்வரை இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் அவர் தனியே போய்வந்தார். பிறகு போகவில்லை. போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

வருடக் கடைசியில் பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற இருந்தார். மலைப் பள்ளிகளுக்கு டிசம்பர் ஜனவரியில்தான் நீண்ட விடுமுறை. புது வருடத்தில் டீச்சர்தான் தலைமையாசிரியை என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவருக்கு அடுத்த இடத்தில் நான். பள்ளியின் தாளாளர், வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். ஆசிரியர்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். "அந்த அம்மையாரை நியமிக்கலாம் என்றிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர் நீங்கள். எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார்.

எதையும் யோசித்து வைத்துக்கொண்டு நான் போகவில்லை. கேள்வி வந்ததும் பதில் தானாக, டீச்சரின் பாணியிலேயே வந்தது. "மனைவியை இழந்த ஒரு சமையல்காரர் வீட்டுக்கு வழக்கமாகத் தனியே போய்வருகிற பெண்மணி" என்றேன். ஆங்கிலத்தில், 'ஹூ' போட்டு, அடுத்தே 'ரெகுலர்லி'.

வீடு உண்மை. போனது உண்மை. அந்த ஒரு சொல்தான் பொய்.

தாளாளர் கோப்பையைக் கீழே வைத்தார். "ரெகுலர்லி?" என்று கேட்டார்.

வக்கீல் அல்லவா, எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. 'இல்லை ஐயா, ஒரு குழந்தைக்குக் கட்டுப் போட' என்று சொல்லியிருக்கலாம். நானும் ஒருநாள் போயிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். "யெஸ் சார்" என்றேன். வாக்கியம் பிசகில்லாமல் வந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுமுறைக்குப் பின் வரவேண்டாம் என்று டீச்சரிடம் தாளாளர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். பேச்சு பங்களா வரை போய், சவரிமுத்துவையும் நிறுத்திவிட்டார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு பேத்துப்பாறைப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டதாகப் பால்காரர் சொன்னார். என்னைப் பொறுப்புத் தலைமையாசிரியராக நியமித்தார்கள். என் முதல் வேலை, போகிற ஆசிரியைக்குப் பணிச் சான்று தட்டச்சு செய்வது. தாளாளர் கையெழுத்துப் போடுவார்.

புல்லெல்லாம் உறைபனி விழுந்து வெளுத்திருந்த காலையில் டீச்சர் அலுவலக அறைக்கு வந்தார். அறைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். நான் அடித்து வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"'திருப்திகரமாகப் பணியாற்றியவர்'னு போட்டிருக்கீங்க."

"எல்லாருக்கும் போடுறதுதான் டீச்சர்."

"திருப்தி யாருக்கு சார்? தாளாளர் ஐயாவுக்கா? அப்படின்னா ஏன் அனுப்புறாரு? உங்களுக்கா?"

"வேற போடவா டீச்சர்? 'சின்சியர்லி'ன்னு..."

"நீங்க கண்ணால பாத்தது ஏதாச்சும் இருந்தாப் போடுங்க."

நான் தட்டச்சுப்பொறியில் புதுத் தாளைச் செருகினேன். கண்ணால் பார்த்தது இருந்தது. ஈரத் தரையில் மண்டியிட்டு அவர் நனைத்து நனைத்து அந்தத் துணியை எடுத்தது இருந்தது. வகுப்பு ஜன்னல் இருந்தது. உப்பு இருந்தது. ஆனால் எந்த உண்மையான சொல்லைப் போட்டாலும் கையெழுத்துப் போடும்போது தாளாளர் கேட்பார், அன்றைக்கு வேறு மாதிரிச் சொன்னீர்களே என்று. விரல்களைக் கட்டைகள்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் இல்லாத பள்ளியில் காவலாளி பழக்கத்தில் அடித்த மணி.

"அப்ப அதை எடுத்துருங்க சார்" என்றார்.

"எதை டீச்சர்?"

"'திருப்திகரமா'வை. 'பணியாற்றியவர்' மட்டும் இருக்கட்டும்."

"அது வெறுஞ்சீட்டு ஆயிருமே டீச்சர். எங்க போய்க் காட்டினாலும்..."

"வெறுஞ்சீட்டுன்னா என்னன்னு உங்களுக்குச் சொன்னதே நான்தான். அடிங்க."

அடித்தேன். 'இப்பள்ளியில் பணியாற்றிய ஆசிரியை.' அவர் வாங்கிப் படித்து, "இப்ப இதுல பொய் இல்ல" என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"தாளாளர் ஐயா நீங்க சொன்ன வாக்கியத்தை எனக்கு அப்படியே சொன்னாரு. 'ரெகுலர்லி'யைச் சரியான எடத்துலதான் வச்சிருக்கீங்க. எலக்கணம் உங்களுக்கு நல்லா வருது சார்."

அவருடைய தகரப் பெட்டியைக் காவலாளிதான் வத்தலக்குண்டு பஸ்ஸுக்குத் தூக்கிப் போனார். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு அந்தப் பள்ளியில் வெகு காலம் தலைமையாசிரியராக இருந்தேன். போகிற எல்லோருக்கும் 'திருப்திகரமாக' போட்டுக் கொடுத்தேன்.

அறுபதுகளின் நடுவில் என் மகனுக்கு முதல் முடி இறக்கப் பழனிக்குப் போனோம். முடி இறக்கிய குழந்தை தோளில் தூங்கியது. அடிவாரத்தில் விபூதியும் சந்தனமும் வாங்க என் மனைவி ஒரு கடையில் ஏறினாள். உள்ளே ஒரு குரல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது: "அண்ணி, அதிகாரமா வெல கேட்டுட்டுக் கெஞ்சலாக் கொறைக்கச் சொன்னாரே, அவர் தேங்காயை மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தலை பாதி நரைத்திருந்தது. சேலை மங்கலாக இருந்தது. இடுப்பில் சாவி இல்லை. என்னைப் பார்த்தார், தோளிலிருந்த குழந்தையைப் பார்த்தார், மறுபடி விபூதியை மடிக்க ஆரம்பித்தார். என் மனைவி இதைக் கவனித்துவிட்டாள்.

"ஏங்க, இவங்களைத் தெரியுமா?" என்றாள். நான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவள் அவரிடமே திரும்பினாள். "எங்க வீட்டுக்காரரைத் தெரியுமாங்க உங்களுக்கு? கொடைக்கானல்ல ஹெட்மாஸ்டரா இருக்காங்க."

"தெரியும்மா."

"அப்படியா! நீங்களும் டீச்சருங்களா?"

"இருந்தேன்மா."

"அப்ப இவங்களைப் பத்தி நல்லாச் சொல்லுவீங்களே" என்று என் மனைவி சிரித்தாள். ஊரார் வாயால் புருஷனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க அவளுக்கு ஆசை.

அவர் பொட்டலத்துக்கு நூல் சுற்றினார். பால்காரருக்கும் தபால்காரருக்கும் நொண்டிக் குதிரைக்காரருக்கும் சொல் தேடியவர். சற்றுமுன் தேங்காயை மறந்துவிட்டுப் போனவருக்குக்கூட இரண்டு சொல் கொடுத்தவர். நான் காத்திருந்தேன். பொய்யாக, பொறாமையாக, கோழைத்தனமாக, எதுவாக இருந்தாலும் அன்றைக்கு வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான் இருந்த பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவர்" என்றார்.

இன்னும் ஏதோ வரும் என்று என் மனைவி சிரித்த முகத்தோடு நின்றாள். அவர் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணுங்க?" என்றார்.